கழுத்து வலிக்கவேயில்லை

2022 பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்கள். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு அந்த நாட்கள் ஞாபகம் இருப்பது ஊசியால். மேசையில் மெழுகுதிரி, மடியில் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை, கையில் ஊசி. நூல் நுனியை நாக்கில் நனைத்து முறுக்கி ஊசிக்கண்ணுக்குக் கொண்டுபோனால் அது பக்கத்தால் போகும். திரும்பக் கொண்டுபோனாலும் பக்கத்தால்தான். வெளிச்சம் காணாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மகளைக் கூப்பிடுவேன். கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகும் மகளைத்தான் கூப்பிட்டேன். அதை நான் கவனிக்கவில்லை.

ஆரையம்பதியில் வீட்டு விறாந்தையில் இருந்துதான் தைக்கிறேன். இருபத்தேழு வருடம். சாறிச்சட்டை, பள்ளிக்கூட உடுப்பு, வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்தால் இரவு பகல் இல்லாமல் சட்டைகள். கண்ணை மூடிக்கொண்டு கொக்கி வைப்பேன் என்று பெருமையாகச் சொல்லுவேன். அந்த வருடம் சடங்குக்குத் தைத்த ஒரு சட்டையில் கொக்கி ஒரு வரிசை, வளையம் வேறொரு வரிசை. சட்டைக்காரி நல்ல மனுசி. “என்னக்கா, கண்ணாடி போடுங்களன்” என்றாள். போட்டேன். புதுக் கண்ணாடியிலும் கொக்கி கோணலாகத்தான் வந்தது.

அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் இப்போது ஒரே மூச்சில் சொல்லலாம். அப்போது ஒவ்வொன்றும் தனித்தனியாக, மாதக்கணக்கு இடைவெளி விட்டு வந்தது. பொபின் கேஸைப் பூட்டப் போனால் விரலுக்குள்ளால் நழுவி விழும். கடையில் மிச்சக் காசு வாங்கினால் ஐந்து ரூபாயா பத்து ரூபாயா என்று விரலுக்குத் தெரியாது, பார்த்துத்தான் தெரியும். அளவுக் கொப்பியில் என் எழுத்தை நானே வாசிக்க முடியாமல் 34ஐ 39 என்று வெட்டி ஒரு துணியைப் பாழாக்கினேன். கையில் நோவு இல்லை. விறைப்பு மட்டும், அதுவும் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்கிற மாதிரி.

மறுகா கால். கிணற்றடியில் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடினால் ஆள் ஒரு பக்கம் சாயும். ஒரு நாள் கட்டைப் பிடிக்காமல் விட்டிருந்தால் விழுந்திருப்பேன். பிரசர் என்று நினைத்தேன். செருப்பு கழன்றது தெரியாமல் ஒற்றைக் காலோடு சந்திவரைக்கும் நடந்துபோய், கடைக்காரத் தம்பி சொல்லித்தான் தெரிந்தது. சிரித்துக்கொண்டு திரும்பி வந்து, வீட்டில் அழுதேன். இன்னொன்றும் இருந்தது. மெசினில் குனிந்து ஊசியைப் பார்க்கிற நேரம் பிடரியில் இருந்து நாரி வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி ஒன்று ஓடும். நிமிர்ந்தால் நின்றுவிடும். பழைய மெசின், மோட்டரில் கரண்ட் கசியுது போல என்று வீட்டுக்காரர் மெசினைக் கழற்றிப் பார்த்தார். கசிந்தது நான்தான்.

இத்தனைக்கும் கழுத்து ஒரு நாளும் நோகவில்லை. இதைத்தான் முதலில் சொல்லவேண்டும். ஏனென்றால் கோளாறு இருந்தது கழுத்துக்குள்தான். அங்கே முண்ணாண், அதாவது மூளையில் இருந்து முதுகால் இறங்குகிற பெரிய நரம்பு, நசிந்துகொண்டிருந்தது. நொந்திருந்தால் கழுத்தைப் பற்றி யாராவது யோசித்திருப்பார்கள்.

முதலில் சீனி பார்த்தார்கள். கொஞ்சம் கூட, அதனால் நரம்பு விறைக்குது என்று விற்றமின் குளிசை. ஆறு மாதம் போட்டேன். பிறகு தனியாரில் நம்பர் எடுத்துக் காட்டிய இடத்தில், மணிக்கட்டில் நரம்பு நசிபடுகிறது, தையல்காரர்களுக்கு வருகிறதுதான், சின்னதாக வெட்டிவிட்டால் சரி என்றார்கள். இரண்டு கைக்கும் பட்டி கட்டினேன். மணிக்கட்டு நரம்பு நசிந்தால் கால் ஏன் தடுமாறுகிறது என்று நான் கேட்கவில்லை. அந்த டொக்டரும் காலைப் பற்றிக் கேட்கவில்லை. ஏழு நிமிடம் இருந்திருப்போம், வெளியில் இன்னும் நாற்பது பேர். மாமி நாவூறு என்று சொல்லி மிளகாய் சுற்றினா. எண்ணெய் பூசி உருவிவிடுகிற ஒருவரிடமும் போனோம். அவர் கழுத்தைப் பிடித்துச் சொடுக்கப் பார்த்தார். ஏனோ பயந்து வேண்டாம் என்று எழும்பிவிட்டேன். அந்தப் பயம் எவ்வளவு நல்ல பயம் என்று பிறகு தெரிந்தது. உள்ளே இடமில்லாமல் நசிந்துகொண்டிருக்கிற கழுத்தைச் சொடுக்கினால் நடந்துபோன ஆளைத் தூக்கிக்கொண்டு வரவேண்டி வரலாம். சலூனில் தலைமயிர் வெட்டி முடிய மடக்கென்று தலையைத் திருப்பி விடுவார்களே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கை விறைக்கிற ஆண்கள் அதற்குத் தலையைக் கொடுக்காதீர்கள்.

இந்த வருத்தத்தைக் கண்டுபிடிக்கப் பொதுவாகவே இரண்டு வருடத்துக்கு மேல் போகிறதாம். வெளிநாட்டிலும் அப்படித்தானாம். நான் ஒன்றும் விசேசமாக ஏமாறவில்லை.

கண்டுபிடித்தவர் பிரசர் கிளினிக்கில் இருந்த ஒரு சின்னப் பெண் டொக்டர். 2023 ஐப்பசி. நான் என் கையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. கிளினிக் கொப்பியைக் கைப்பைக்குள் வைக்கப் போய் மூன்று தடவை தவறவிட்டேன். “அம்மா, கொஞ்சம் இருங்க” என்றா. என் வலது கையைப் பிடித்து நடுவிரலின் நகத்தைச் சுண்டினா. சுண்டினது நடுவிரலை. ஆனால் பெருவிரலும் சுட்டுவிரலும் தாமாக உள்ளுக்கு வெட்டி இழுத்தன. எனக்கே வேடிக்கையாக இருந்தது. அவவுடைய முகம் மாறிவிட்டது. முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்ட கால் உதைத்துக்கொண்டு எழும்பியது. பிறகு கைகள் இரண்டையும் முன்னுக்கு நீட்டச் சொன்னா. பொத்தி, முழுக்க விரித்து, பொத்தி, முழுக்க விரித்து, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக. 10 விநாடி. நல்ல கையென்றால் 20 தடவையாவது வரவேண்டும். எனக்கு வந்தது 11. கையை நீட்டிப் பிடித்திருக்கும்போது இடது சுண்டுவிரல் மட்டும் நான் சொல்லாமலே மெல்ல மெல்ல விலகிப் போனது. கடைசியாக ஒரு குதிக்கு முன்னால் மற்றக் காலின் விரலை ஒட்டி வைத்து, கயிற்றில் நடக்கிற மாதிரி நேர்கோட்டில் நடக்கச் சொன்னா. நாலாம் அடியில் அவவுடைய தோளைப் பிடித்துவிட்டேன்.

“சலம் அவசரமா வருதா? கட்டுப்படுத்த ஏலாம இருக்கா?”

ஓம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் ஓம் என்றேன். பிள்ளை பெற்றவர்களுக்கு வருகிறதுதானே என்று அதையும் ஒதுக்கி வைத்திருந்தேன்.

பொத்தி விரிக்கிற சோதனைக்கும் நேர்கோட்டு நடைக்கும் ஒரு சதம் செலவில்லை. வீட்டில் யாருக்காவது கை விறைப்பும் கால் தடுமாற்றமும் ஒன்றாக இருந்தால் இன்றைக்கே செய்து பாருங்கள். சரியாக வராவிட்டால் பயந்து சாகத் தேவையில்லை. டொக்டரிடம் போய், “கையும் காலும் இரண்டும்” என்று சேர்த்துச் சொல்லுங்கள். நான் கையை ஓரிடத்திலும் காலை இன்னோரிடத்திலும் சொல்லி, சலத்தை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததால்தான் கிட்டத்தட்ட இரண்டு வருடம் போனது.

எம்.ஆர்.ஐ எடுத்த பிறகு கொழும்புக்கு அனுப்பினார்கள். என் தம்பி கூட வந்தான். அவன் பத்து வருடம் புறக்கோட்டையில் வேலை செய்தவன், சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதைச் சின்ன விசயமாக எடுக்காதீர்கள். டொக்டர் தன்மையானவர், ஆனால் எவ்வளவு தன்மையாக இருந்தாலும் விளங்காத பாஷையில் கழுத்து ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து வைக்கிறது சரியில்லை. பாஷை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். டொக்டர் சொல்லுகிறதை இடையில் நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். எம்.ஆர்.ஐ படத்தையும் சிடியையும் கையோடு வைத்திருங்கள். அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோய்ப் படம் இல்லாமல் திரும்பி வந்த ஒரு கல்முனை ஐயாவை அங்கே பார்த்தேன். ரெயிலில் எட்டு ஒன்பது மணித்தியாலம் வந்த மனுசன்.

டொக்டர் சொன்னது இது. கழுத்தில் ஏழு எலும்பு. ஒவ்வொன்றும் ஒரு வளையம். வளையங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்று அடுக்கி வர நடுவில் ஒரு குழாய், அதற்குள்ளால்தான் மூளையில் இருந்து முண்ணாண் இறங்குகிறது. அந்தக் குழாய் முன்பக்கம் பின்பக்கமாக அளந்தால் சாதாரண ஆளுக்கு 17 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். பத்துக்குக் கீழே போனால் நெருக்கம். எனக்கு நாலு இடத்தில் நெருக்கம், அதில் இரண்டு இடத்தில் எட்டு. பிறவியிலேயே ஒடுங்கின குழாய், வயதோடு எலும்புக்கு இடையில் இருக்கிற தட்டுகள் காய்ந்து பிதுங்கி, ஓரத்தில் எலும்பு முளைத்து, பின்னால் உள்ள சவ்வும் தடித்து, எல்லாமாகச் சேர்ந்து நசித்திருக்கிறது. படத்தில் நரம்புக்கு நடுவில் ஒரு வெள்ளைத் திட்டுக் காட்டினார். நசிந்து நசிந்து காயப்பட்ட இடம்.

“குனிஞ்சு தைச்சதாலயா ஐயா?” என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காகவே எட்டு மணித்தியாலம் ரெயிலில் யோசித்துக்கொண்டு போனேன். தைக்காத ஆட்களுக்கும் வருகிறது, தைக்கிற எல்லாருக்கும் வருகிறதில்லை என்றார். அந்த ஒரு வசனத்துக்கு அவருக்கு நான் கடன்.

கை, கால், உணர்ச்சி, சலம் எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்டுப் புள்ளி போடுகிறார்கள். மொத்தம் 18. நல்ல ஆளுக்குப் பதினெட்டும் கிடைக்கும். 15 முதல் 17 இலேசு, சிலரைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். 12 முதல் 14 நடுத்தரம், அதற்குக் கீழே கடுமை. நடுத்தரம் என்றாலே ஒப்பரேஷன் செய்யச் சொல்லுகிறார்கள். எனக்கு 13.

இனி எந்த ஒப்பரேஷன் என்ற கதை. முன்பக்கம் தொண்டைப் பக்கமாகப் போய்ப் பிதுங்கின தட்டை எடுத்துவிட்டு இரண்டு எலும்பையும் பொருத்தி ஒன்றாக்கலாம். ஒன்று இரண்டு இடம் மட்டும் கெட்டிருந்து, எலும்பும் அவ்வளவு தேயாமல் இருந்தால், அந்த இடத்தில் அசைகிற செயற்கைத் தட்டும் வைக்கலாம். எனக்கு நாலு இடம். நாலையும் ஒட்டினால் கழுத்து மரக்கட்டை மாதிரி ஆகுமா என்று கேட்டேன். முழுக்க ஆகாது, தலையைப் பக்கவாட்டில் திருப்புகிற அசைவில் பாதி மேலே உள்ள முதல் இரண்டு எலும்பில்தான் நடக்கிறது, அதை யாரும் தொடுகிறதில்லை என்றார். ஆனால் குனிந்து நிமிர்கிறது குறையும். எனக்குத் தேவை குனிகிறது. ஊசி கீழேதானே இருக்கிறது.

பின்னுக்கால் செய்கிற இன்னொரு முறை இருக்கிறது, உங்களுக்கு அது பொருந்தும் என்றார். “தொர” என்று சொல்லி உள்ளங்கையைக் கதவு மாதிரித் திறந்து காட்டினார். தொர என்றால் சிங்களத்தில் கதவு. வளையத்தின் பின்பக்கத்தில் ஒரு ஓரத்தை முழுக்க அறுப்பார்கள். மற்ற ஓரத்தை அறுக்காமல் அரைவாசி தேய்த்து மெல்லிசாக்குவார்கள். பிறகு அறுத்த பக்கத்தால் மெல்லத் தூக்கினால், தேய்த்த பக்கம் பிணைச்சல் மாதிரி மடங்கும். கதவு திறந்தபடி நிற்க அறுத்த இடத்தில் சின்ன டைட்டேனியத் தகடு வைத்து ஆணி போடுவார்கள். எலும்பும் எலும்பும் ஒட்டுகிறதில்லை, அதனால் அசைவு இருக்கும். ஜப்பானில் 1970களில் தொடங்கின முறையாம். அங்கே கழுத்து எலும்புக்குப் பின்னால் உள்ள சவ்வே எலும்பாக மாறி நசிக்கிற வருத்தம் கூட, அதற்காகக் கண்டுபிடித்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. இறுக்கமாகப்போன சட்டையை என்ன செய்வோம்? ஒரு பக்கத் தையலை முழுக்கப் பிரிப்போம், மற்றப் பக்கம் இருந்தபடி இருக்கும், பிரித்த இடத்தில் ஒரு பட்டித் துணி வைத்துத் தைப்போம். நெஞ்சுக்கு இரண்டு அங்குலம் கூடிவிடும், சட்டை சட்டையாகவே இருக்கும். தம்பி இதைச் சிங்களத்தில் சொல்ல டொக்டர் சிரித்துவிட்டு, அடுத்த ஆளுக்கு இப்படித்தான் சொல்லப்போறேன் என்றார்.

எல்லாருக்கும் இது சரிவராது. கழுத்துக்கு இயற்கையாக ஒரு வளைவு உண்டு. அந்த வளைவு இருந்தால்தான் பின்னுக்குக் கதவைத் திறந்ததும் நரம்பு பின்பக்கமாக நகர்ந்து விடுபடும். கழுத்து முன்னுக்கு வளைந்துபோன ஆளுக்குக் கதவைத் திறந்தாலும் நரம்பு முன்னால் உள்ள மேட்டிலேயே அழுந்திக்கொண்டிருக்கும். எலும்பு சறுக்கி ஆடுகிறவர்களுக்கும் இல்லை. கழுத்து நோவு கடுமையாக உள்ளவர்களுக்கும் யோசிப்பார்கள், ஏனென்றால் பின்னுக்கால் தசையை விலக்கிச் செய்கிறதால் பிறகு பிடரி நோவு வருகிறது உண்டு. கழுத்து நோகாததால் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஏமாந்த எனக்கு, நோகாதது அங்கே ஒரு தகுதியாகப் போனது.

“இது பழையபடி ஆக்கிறதுக்கு இல்ல. இன்னும் மோசமாகாம நிப்பாட்டுறதுக்கு. அதுக்கு மேல கிடைச்சா அது லாபம்.” இதை மூன்று தடவை சொன்னார். தம்பி மூன்று தடவையும் மொழிபெயர்த்தான். நான் மூன்று தடவையும் தலையாட்டிவிட்டு, மனதுக்குள் எனக்குச் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

திகதி கிடைத்தது. நான் தள்ளிப்போட்டேன். மகளுக்குச் சோதனை வருகிறது என்று சொன்னேன், உண்மையான காரணம் பயம். “கழுத்துல கத்தி வச்சா படுக்கதான்” என்று வந்தவர் போனவர் எல்லாரும் சொன்னார்கள். யாரோ ஒருவரின் சித்தப்பாவின் கதை ஒன்று எல்லா ஊரிலும் இருக்கிறது. அந்தச் சித்தப்பாவை யாரும் நேரில் கண்டதில்லை. நாலு மாதம் போனது. அந்த நாலு மாதத்துக்குள் என் இடது கையில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப்போயின. அவை இன்றைக்கும் திரும்பவில்லை. முதல் திகதியிலேயே போயிருந்தால் திரும்பியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இரவில் விழிப்பு வந்தால் நான் அதைத்தான் கணக்குப் பார்க்கிறேன்.

அந்த நேரத்தில் செய்த ஒரே உருப்படியான வேலை சீனியைக் குறைத்தது. மூன்று மாதச் சீனிச் சராசரியைப் பார்த்துத்தான் ஒப்பரேஷனுக்கு எடுப்பார்கள். கூடினால் காயம் சீழ்ப்பிடிக்கலாம். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், சிகரெட் குடிக்கிறவர்கள் முன்னாலேயே நிறுத்தவேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிறவர்கள், நாட்டு மருந்து ஏதாவது குடிக்கிறவர்கள், ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மயக்க மருந்து கொடுக்கிற டொக்டரிடமும் கழுத்துப் பிரச்சினை என்று தனியாகச் சொல்லுங்கள். மூச்சுக்குக் குழாய் போடும்போது தலையைப் பின்னுக்கு மலர்த்துவார்கள்.

2024 சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு செய்தார்கள். குப்புறப் படுக்கவைத்துத்தான் செய்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது. விழித்தபோது கழுத்தை விடத் தலைதான் காந்தியது. தடவிப் பார்த்தால் மயிருக்குள் மூன்று சின்னக் காயம். தலை அசையாமல் இருக்க மூன்று முனையுள்ள கவ்வியால் பிடித்திருந்தார்களாம். இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன், அதனால் உங்களுக்குச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இரத்தம் வடிகிற குழாய், சலக் குழாய். அடுத்த நாளே பிடித்து எழுப்பி நிற்கவைத்தார்கள். எழும்புகிறதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் உடம்பு முழுவதும் ஒரு மரம் மாதிரி ஒருக்களித்துப் புரள வேண்டும், காலைக் கட்டிலுக்குக் கீழே விட வேண்டும், பிறகு கையை ஊன்றி எழும்ப வேண்டும். தலையைத் தூக்கிக்கொண்டு எழும்பக் கூடாது.

முதல் இரவே ஒரு வித்தியாசம் தெரிந்தது. போர்வை. இரண்டு வருடமாக உள்ளங்கைக்குப் போர்வை போர்வையாகத் தெரிந்ததில்லை. அன்றைக்கு அது சொரசொரவென்று தெரிந்தது. விடியும்வரை தடவிக்கொண்டே கிடந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கொண்டை போட வலது கையைத் தூக்கினேன். கை நெஞ்சு மட்டத்தில் நின்றுவிட்டது. விரல் அசைகிறது, மணிக்கட்டு அசைகிறது, தோள் மட்டும் கேட்கவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி விட்டால் கல்லு மாதிரி விழுகிறது. நான் கத்தின கத்தில் வாட்டே திரும்பிப் பார்த்தது. மிஸ்ஸி ஓடி வந்து, பிறகு டொக்டர் வந்து, அவசரமாகத் திரும்ப ஒரு ஸ்கேன். உள்ளே இரத்தக் கட்டி ஒன்றும் இல்லை. அப்போதுதான் தம்பிக்கு ஞாபகம் வந்தது. “அக்கா, இத அவர் முதலே சொன்னவர்.” கையெழுத்து வைத்த அன்றைக்குச் சொல்லியிருக்கிறார். இருபது பேரில் ஒருவர் அளவில் இது வருமாம். நரம்பு பின்னுக்கு நகரும்போது தோளுக்குப் போகிற ஐந்தாம் கழுத்து நரம்பு இழுபடுகிறது ஒரு காரணம் என்கிறார்கள். கூடுதலான ஆட்களுக்கு மாதக்கணக்கில் திரும்பிவிடும். தம்பி கேட்டான், மொழிபெயர்த்தான், நான் கேட்கவில்லை. பயந்த காதுக்குப் பாதிதான் கேட்கும். போனில் பதிவு செய்யலாமா என்று டொக்டரிடம் அனுமதி கேட்டுப் பதிந்து வையுங்கள், வீட்டில் ஆறுதலாகக் கேட்கலாம்.

எனக்கு ஐந்து மாதம் எடுத்தது. பிசியோ செய்கிற பிள்ளை கதவு நிலையில் ஒரு கப்பியைக் கட்டி, கயிற்றின் ஒரு முனையை நல்ல கையில், மறு முனையைக் கெட்ட கையில் பிடிக்கச் சொன்னா. நல்ல கை இறக்கினால் கெட்ட கை ஏறும். தோள் இறுகிப்போகாமல் இருக்க இது. தினம் மூன்று வேளை. கிணற்றுக் கப்பி மாதிரி, தண்ணீர்தான் வராது.

கொழும்பில் இருந்து வானில் வந்தோம். பொலன்னறுவை தாண்டி மன்னம்பிட்டி, வெலிக்கந்தை என்று வர ஒவ்வொரு பள்ளமும் பிடரியில் எண்ணிப்பார்க்கலாம். காசு பொறுத்தால் ரெயிலில் படுக்கை பாருங்கள். வான் என்றால் மெல்லப் போகச் சொல்லி முதலிலேயே பேசுங்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இறங்கி நில்லுங்கள். தையல் பதினாலாம் நாள் இங்கேயே வெட்டினார்கள், அதற்காகத் திரும்பக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை.

வீட்டில் பெரிய கஷ்டம் மலசலகூடம். குந்தி எழும்ப முடியாது. நடுவில் ஓட்டை வெட்டின பிளாஸ்டிக் கதிரையை மேலே வைத்து, சுவரில் ஒரு குழாய்க் கம்பி அடித்தார் அவர். இரவில் லைட் அணைக்கிறதில்லை, ஏனென்றால் கால் எங்கே என்று காலுக்குத் தெரியாது, கண்தான் சொல்லவேண்டும், இருட்டில் கண்ணும் இல்லை. கிணற்றடியில் கதிரை போட்டு இருந்து குளிக்கிறது. சறுக்குகிற செருப்பையெல்லாம் எறிந்துவிட்டு பின்பட்டி உள்ளது வாங்கினேன். மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு ஏறவேண்டாம் என்றார்கள், மூன்று மாதம் ஓட்டோதான்.

கழுத்துப்பட்டி எனக்கு இரண்டு கிழமைதான் சொன்னார்கள். மாமிக்கு அது போதாது. “கழட்டாத புள்ள, தல விழுந்திடும்” என்று ஆறு மாதம் போடச் சொன்னா. அசைவைக் காப்பாற்றுவதற்காகச் செய்த ஒப்பரேஷனைப் பட்டிக்குள் பூட்டி வைத்தால் அசைவு போய்விடும், தசையும் வாடிவிடும். ஆனால் உங்களுடைய டொக்டர் சொன்ன கணக்குத்தான் உங்களுக்கு, என் கணக்கு இல்லை. பட்டி கழன்ற பிறகு உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாமல் தள்ளுகிறது, பிறகு பக்கத்தில், பிறகு பிடரியில். அதோடு மெல்ல இடப்பக்கம் வலப்பக்கம் திரும்புகிறது. மாலையில் பிடரியில் ஒரு பாரம் வரும், யாரோ தோளில் ஏறி இருக்கிற மாதிரி. முன்பு நோகாத கழுத்து இப்போது நோகிறது. முதல் வருடம் அதிகம், இப்போது மழை நாளில். இந்த மாற்றத்துக்கு நான் சம்மதித்துத்தான் போனேன், ஆனாலும் சிலவேளை எரிச்சல் வரும்.

அசைவு முழுக்க அப்படியே இருக்கிறதா என்றால் இல்லை. வானத்தைப் பார்க்கிறது குறைவு. முருங்கைக்காய் பறிக்க மகளைத்தான் அனுப்புகிறேன். குனிகிறது இருக்கிறது. பின்னால் யாராவது “அக்கா” என்று கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பேன், உடம்பு முழுவதையும் திருப்பத் தேவையில்லை.

திரும்பக் கிடைத்ததும் ஒழுங்குமுறையாகக் கிடைக்கவில்லை. சலம் இரண்டு கிழமையில் சரி. நடை மூன்று நாலு மாதத்தில், ஒரு கம்பு இல்லாமல். விரல்தான் பிடிவாதம். ஒரு வருடம் வரைக்கும் மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, பிறகு நின்றுவிட்டது. மகள் ஒவ்வொரு பறுவத்துக்கும் போனில் வீடியோ எடுத்து, பொத்தி விரிக்கிறதை எண்ணுவாள். 11, 13, 13, 16. ஒரு மாதம் குறைந்து 14. அன்றைக்கு இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு 18, 19. போன பறுவத்துக்கு 19. இருபது வருமா என்று கேட்கிறதை விட்டுவிட்டேன்.

மெசினுக்குத் திரும்பினது ஏழாம் மாதம். மேசைக்கு நாலு கல்லு வைத்து உயர்த்தினோம், இப்போது ஊசி முன்னுக்கு நிற்கிறது, அவ்வளவு குனியத் தேவையில்லை. கைத்தையலுக்கு மடியில் தலையணை வைத்து அதற்கு மேல் துணி. போனில் இருபது நிமிடத்துக்கு மணி. அடித்தால் எழும்பி முற்றத்தில் ஒரு சுற்று. நூல் கோர்க்க ஐம்பது ரூபாய்க்குச் சின்னக் கம்பி வளையம் ஒன்று விற்கிறார்கள். இரண்டு வருடம் அதை வாங்க ரோசம் விடவில்லை.

போன வைகாசிச் சடங்குக்குப் பதினொரு சட்டை தைத்தேன். முந்தி நாற்பது. வெட்டினது நான், மெசினில் ஓடினது நான், ஓரம் மடித்தது நான். கொக்கி மட்டும் மகள் வைத்தாள்.